எண்பது கிராம்

குழந்தையைக் கையில் வாங்கியதும் அவள் கொஞ்சமாட்டாள். முதலில் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு உள்ளங்கையைத் தலைக்கு அடியிலும் இன்னொன்றைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து, லேசாக ஒருமுறை ஏந்தி இறக்குவாள். "ரெண்டு கிலோ எழுநூறு" என்பாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தராசில் போட்டால் இரண்டு கிலோ எழுநூற்று இருபது காட்டும். அந்த இருபது கிராமுக்காக அவள் தராசைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் நான் ஒன்பது வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன். அவள் அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். குள்ளம், ஒல்லி, அவசரமாக நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி நாளில் ஆள் திரட்டுவது, மாதா மாதம் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது என்று எங்கள் இருவர் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் பேச்சு எண்ணி வைத்த மாதிரி இருக்கும். ஊரில் எங்களை மத்தளமும் கைத்தாளமும் என்று கேலி செய்வார்கள்.

பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, சிகிச்சை எடுத்து, அவளுக்கு இரட்டைக் குழந்தை தங்கியது. ஏழாம் மாதத்திலேயே இரண்டும் பிறந்தன. ஒன்று போய்விட்டது. இரட்டை ஆனது சாமி செயல் அல்ல. ஒரு கரு வைப்பதா, இரண்டு வைப்பதா என்று டாக்டர் கேட்ட இடத்தில் இரண்டு என்று முடிவானது. அந்த முடிவில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆறு வருடம் நினைத்தேன். ஆறு வருடமும் பயந்துகொண்டு தள்ளிப் போட்டேன்.

பயம் ஏன் என்றால், அவள் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள்.

நான் அந்த ஊருக்குப் போன புதிதில் நடந்தது ஒன்று. பிறந்து பத்து நாளான பிள்ளைக்கு எடை பார்த்தேன். தராசு இரண்டரை காட்டியது. குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தாய்க்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் பிள்ளையை வாங்கி ஏந்திப் பார்த்தாள்.

"ரெண்டரை இல்லைங்க நர்ஸம்மா. ரெண்டே கால்தான் இருக்கும்."

"தராசு பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றனா?"

"தராசுதாங்க" என்றாள், சிரிக்காமல்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. இத்தனை வருட சர்வீஸில் ஒரு அங்கன்வாடி டீச்சர் வந்து எனக்கு எடை சொல்லிக்கொடுப்பதா? அவள் உள்ளே போய், பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துவந்து தட்டில் வைத்தாள். தராசு ஒரு கிலோ இருநூற்று ஐம்பது காட்டியது. அதே தராசில் முந்தின இரண்டு மாதமும் எடை போட்ட பிள்ளைகளை எல்லாம் நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வீடு வீடாகப் போய் இருவரும் மறுபடி எடை பார்த்தோம். நன்றாக இருப்பதாக நான் எழுதியிருந்த நான்கு பிள்ளைகள் எடை குறைந்த பிள்ளைகளாக இருந்தார்கள்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் அப்பா பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்கியவராம். தோளில் ஏற்றும்போதே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாராம். "அவரு சொன்னா யாவாரியும் சண்டைக்கு வரமாட்டான், வெவசாயியும் வரமாட்டான். எங்கப்பாரு யாருக்காகவும் ஒரு கிலோ தள்ளிச் சொன்னதில்லைங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஒருமுறை மேலே இருந்து ஒரு மேடம் வந்தார்கள். எடை குறைந்த பிள்ளைகள் இந்த ஊரில்தான் அதிகம் என்று அவருக்கு மேலிடத்தில் கேள்வி. விளிம்பில் நிற்கிற ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு நூறு கிராம் ஏற்றி எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நயமாகச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் எல்லாம் அப்படித்தானே நடக்கிறது என்றும் சொன்னார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிழைக்கத் தெரிந்தவள் நான்.

இவள்தான் சொன்னாள், "நான் ஏத்தி எழுதுனா புள்ளை ஏறாதுங்க மேடம்."

மேடம் முகம் கறுத்துப் போயிற்று. அந்த வருடம் அவளிடம் விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் வந்தன. மாமியார்களிடமும் இதே கதைதான். "நம்மூட்டுப் பேரன் மூணு கிலோ இருப்பான்னு சொல்லு கண்ணு, காதுல கேட்டா போதும்" என்று கெஞ்சுவார்கள். அவள் இரண்டு எண்ணூறு என்றால் இரண்டு எண்ணூறுதான். இப்படி இருந்தால் யாருக்குப் பிடிக்கும்? அதுவும் மடியில் பிள்ளை இல்லாதவள் வாயிலிருந்து வந்தால்?

அவள் காதுபடவே பேசுவார்கள். மலடி தூக்கினால் பிள்ளை இளைத்துவிடும் என்பார்கள். நான் வருகிற நாளாகப் பார்த்து எடை பார்க்கக் கொண்டுவருவார்கள். அவளும் புரிந்துகொண்டு, அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளைத் தொடமாட்டாள். தள்ளி நின்று, நான் எடை சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். என் தராசு தப்புச் சொன்னால் மட்டும் பேனா நின்றுவிடும். எழுதாமல் என்னைப் பார்ப்பாள். நான் தராசைச் சரிபண்ணி மறுபடி போடுவேன்.

வருடா வருடம் பாலக்கோட்டில் அரசாங்கம் நடத்துகிற சமுதாய வளைகாப்புக்கு எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளைக் கூட்டிப் போவது அவள் வேலை. கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் போட்டு அனுப்புவார்கள். வளையல் பெட்டியைக் கட்டுவது, யார் கைக்கு எந்த அளவு என்று பிரித்து வைப்பது எல்லாம் அவள்தான். ஒரு வருடம் கூட்டத்தில் ஆள் போதாமல், அவளையே போடச் சொல்லி வளையலைக் கொடுத்துவிட்டார்கள். முதல் பெண் கையை நீட்டினாள். பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் மாமியார் அந்தக் கையைப் பிடித்து இழுத்து முந்தானைக்குள் வைத்தாள்.

"நர்ஸம்மா, நீங்க போடுங்க. நான் பந்தியப் பாத்துக்கறேன்" என்று தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அந்தக் கிழவியை ஊர் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் வழியாகக் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "சேலத்துல ஒரு ஆஸ்பத்திரி சொல்றாங்க. போகலாம்னு இருக்கறேங்க. ஊசி நீங்க போடுவீங்களா?" என்று கேட்டாள்.

ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். அவள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது; ஆனால் மாமியாருக்குத் தெரியக் கூடாது. என் குவார்ட்டர்ஸ் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவே அவள் மருந்து இருந்தது. தினமும் சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு, ரெஜிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி வருவாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட வேண்டும். வயிறு முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப் போயிருக்கும்.

"நீங்க பேசிட்டே இருங்க நர்ஸம்மா. உங்க பேச்சக் கேட்டா வலி தெரியமாட்டேங்குது" என்பாள்.

நானும் பேசுவேன். ஊர்க்கதை, என் மருமகள் கதை, டிவிக் கதை. முதல் முறை வைத்த கரு நிற்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று அவள் அழுவாள் என்று காபி போட்டு வைத்திருந்தேன். அவள் வந்து, காபியைக் குடித்துவிட்டு, "இன்னும் மூணு கரு பத்திரமா வெச்சிருக்காங்களாம். வெறுங்கையோட வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான்தான் அழுதேன்.

இரண்டாம் தடவைதான் அந்த போன் வந்தது.

அவளும் வீட்டுக்காரரும் சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர் காய்கறி லோடு வேன் ஓட்டுபவர், தங்கமான மனுஷர். மறுநாள் காலை கரு வைக்க வேண்டும். எனக்கு இங்கே மறுநாள் போலியோ சொட்டு மருந்து முகாம். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் தரையில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலும் கையுமாக அல்லாடிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன்.

"டாக்டரம்மா ஒண்ணு போதும்ங்கறாங்க. நான் குள்ளமா இருக்கறேன், கர்ப்பப்பையில கட்டி எடுத்த தழும்பு வேற இருக்குது, ரெட்டையாப் போனா தாங்கறது கஷ்டம்னு சொல்றாங்க. எங்கூட்டுக்காரரு ரெண்டு வெச்சுக்கலாம்ங்கறாரு. ஏற்கனவே ஒண்ணு போயிடுச்சே, மறுபடியும் போனா என்ன பண்றதுன்னு கேக்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க நர்ஸம்மா?"

நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

"இதுக்கு என்னத்த யோசிக்கற? வயல்ல அவரை போடறப்ப குழிக்கு ரெண்டு வெதை போடறதில்லையா? ஒண்ணு மொளைக்கலைன்னா இன்னொண்ணு மொளைக்கும். ரெண்டும் மொளைச்சா ரெட்டிப்பு சந்தோஷம். ரெண்டா வெச்சுக்கிட்டு வா."

"சரிங்க" என்றாள். நான் பட்டியலில் விட்ட இடத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. ஒரு விதையை நம்பி யாரும் குழி மூடமாட்டார்கள். ஆனால் இரண்டும் முளைத்துவிட்டால் நோஞ்சானைப் பிடுங்கிப் போடுவார்கள் என்பதும் அதே குடியானவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரட்டைப் பிள்ளைகள் நாள் நிறையாமல் பிறந்து நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். எடை குறைந்த பிள்ளைகளின் பட்டியலை நானேதான் எழுதியிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் படித்தது, கண்ணால் பார்த்தது, எதுவும் அந்த இரண்டு நிமிஷத்தில் வாய்க்கு வரவில்லை. விதைப் பேச்சுதான் வந்தது.

இரண்டும் தங்கிவிட்டன. ஸ்கேனில் இரண்டு துடிப்பு கேட்டதைச் சொல்ல அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று நான் குதித்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் என் யோசனைதான் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவள் மாமியார் காதுக்கு மட்டும் போகவில்லை; அந்த அம்மாள் தர்மபுரியில் ஒரு கோயிலில் வேண்டிக்கொண்டதன் பலன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருட வளைகாப்பில் அவளே வரிசையில் உட்கார்ந்தாள். நான்தான் வளையல் போட்டேன். ஒரு காலத்தில் மருமகள் கையை முந்தானைக்குள் இழுத்த அதே கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராமரும் லட்சுமணனும் மாதிரி ரெண்டு சிங்கம் பொறக்கும் கண்ணு."

"ஒண்ணு சின்னதா இருக்குதுங்க ஆயா. இருநூறு கிராம் வித்தியாசம் சொல்றாங்க" என்றாள் அவள்.

"வாயக் கழுவுடி! நல்ல நாளும் அதுவுமா."

அவளுக்குப் புரியவில்லை. இருப்பதைத்தானே சொன்னேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் குங்குமத்தை அவள் நெற்றியில் அப்பிப் பேச்சை மாற்றினேன். ஆனால் அந்த இருநூறு கிராம் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் மனசில் உட்கார்ந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு பகல் நேரம், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. நூற்றெட்டு ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் என் கையை அவள் விடவில்லை. "இருபத்தெட்டு வாரம் இன்னும் முடியலீங்க, மூணு நாள் இருக்குது" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றும் ஆகாது என்று நான் நூறு தடவை சொன்னேன். அவள் அதற்குத் தலையாட்டவே இல்லை.

பையன் ஒரு கிலோ நாற்பது கிராம். பெண் எழுநூற்று எண்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாகக் கிடந்தார்கள். அங்கே இருந்த டாக்டர்களும் நர்ஸுகளும் தூங்காமல் பார்த்தார்கள். யாரையும் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாரும் பெண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். ஆனால் ஆறாம் நாள் காலை பையன்தான் போனான். பெரியவன்தான் போனான்.

வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ் பெண்ணுக்குச் சின்ன வயசு. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். இவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் கண்ணை மூடினாள். ஒரு கை தலைக்கடியில், ஒரு கை கீழே. லேசாக ஏந்தினாள்.

வேண்டாம், வேண்டாம் என்று எனக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன்.

"தொள்ளாயிரத்து அறுவது" என்றாள். கண்ணைத் திறந்தாள். "பொறந்தப்ப ஆயிரத்து நாப்பது நர்ஸம்மா. எம்பது கொறைஞ்சிருக்குது." பிறகு இரண்டு கையையும் என் பக்கமாக நீட்டி, "நீங்க பாருங்க" என்றாள்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கிய கை என்னுடையது. நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவள் வீட்டுக்காரர்தான் வந்து வாங்கிக்கொண்டு போனார். எண்பது என்ற எண்ணைக் கடைத் தராசில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்த வராந்தாவின் டெட்டால் வாடை வரும். வாங்க வந்ததை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அறுபது நாளுக்கு மேல் அவள் அங்கேயே இருந்தாள். பெண்ணை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, சாய்ந்த நாற்காலியில் பகல் பூராவும் உட்கார்ந்திருப்பாள். தாய் உடம்புச் சூட்டில் பிள்ளை தேறும் என்று அப்படி வைக்கச் சொல்வார்கள். பிறந்த எடையிலிருந்து முதலில் இளைத்த பிள்ளைக்கு, காலையில் எடை பார்ப்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள், எழுநூறு, எழுநூற்றுப் பத்து, எழுநூற்று நாற்பது என்று. நர்ஸுகள் பந்தயம் கட்டுவார்களாம். ஒரு நாள் அவள் எண்ணூற்று அறுபது என்றாள். தராசு எண்ணூற்று முப்பது காட்டியது. சர்க்கரைப் பொட்டலத்தைக் கேட்கவில்லை. தராசைச் சந்தேகப்படவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விம்மி விம்மி அழுதாளாம். பையன் போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் அந்த வாரம் பார்க்கப் போனபோது சொன்னாள்.

"கையில ஆசை வந்துடுச்சுங்க நர்ஸம்மா. ஆசை வந்துட்டா கை தப்பாச் சொல்லும். இனிமே இவளுக்கு நான் பாக்கமாட்டேன்."

இன்றுவரை தன் பெண்ணுக்கு அவள் கையால் எடை பார்த்ததில்லை என்று கேள்வி.

நான் அடுத்த வருடமே மாறுதல் கேட்டு அதியமான்கோட்டைப் பக்கம் போய்விட்டேன். மகன் வீடு பக்கம் என்று எல்லாரிடமும் காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, அழுது, தீர்த்துக்கொண்டிருப்பேன். அவள் எப்போதும்போல, "சாப்டீங்களா நர்ஸம்மா?" என்றுதான் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாறிப் போன பிறகும் பொங்கலுக்கு போன் செய்வாள். பெண் நடக்கத் தொடங்கினாள், கண்ணாடி போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்று சொல்வாள். நான் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

ரிட்டையர் ஆன பிறகு தூக்கம் இன்னும் கெட்டது. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, கேட்டுவிடுவது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். நான் அங்கன்வாடிக்குள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் பாதி நரைத்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் அவள் பெண்ணும் அங்கே இருந்தாள். தடித்த கண்ணாடி, இடது காலை லேசாகத் தேய்த்து நடந்தாலும் கால் தரையில் நிற்காத ஓட்டம். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சிந்தாம குடிங்கடா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை.

நலம் விசாரித்து முடிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், அன்னிக்கு நீ சேலத்துல இருந்து போன் பண்ணப்ப, நான் ரெண்டா வெச்சுக்கன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அதனாலதான் ரெண்டு வெச்சியா?"

கரண்டியைக் குண்டானில் வைத்தாள். "இல்லைங்க. உங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

ஆறு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி ஓடியது. அங்கேயே பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து ஓவென்று அழலாம் போல இருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"அப்ப என் பேச்சுல ஒண்ணும் இல்ல. நீங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டீங்க. அப்பறம் எதுக்கு எனக்கு போன் பண்ண?"

அவள் நகர்ந்து போய், ஒரு பையன் தட்டில் முட்டையை வைத்துவிட்டு வந்தாள்.

"காலையில ஐஸ்ல இருந்து கருவ வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி சொன்னா மாத்திக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க. அவங்க சொன்னதுதான் சரின்னு தோணுச்சு. எங்கூட்டுக்காரரு மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல முடியல. நீங்க ஒண்ணு போதும்னு சொல்லிட்டீங்கன்னா, நர்ஸம்மா சொன்னாங்கன்னு சொல்லி மாத்திடலாம்னு நெனைச்சேன். உங்க பேச்ச அவரு தட்டமாட்டாருங்க. அதுக்குத்தான் பண்ணேன்."

அவள் பெண்ணைப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

"ஒண்ணு வெச்சிருந்தா இவ வந்திருக்கமாட்டாளேம்மா?"

"வந்திருக்கலாம், வராமயும் போயிருக்கலாம். அது தெரியாதுங்க. தெரியாதத எப்பிடிச் சொல்றது?"

"என் மேல தப்பு இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

கெஞ்சித்தான் கேட்டேன். பேரனுக்கு மூன்று கிலோ சொல்லச் சொல்லிக் கிழவிகள் கெஞ்சுவதை நின்று வேடிக்கை பார்த்தவள் நான்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் கொஞ்சம்கூட இல்லை. "எம் மேல இருக்குது. அவரு மேலயும் இருக்குது. உங்க மேலயும் கொஞ்சம் இருக்குது நர்ஸம்மா. இல்லைன்னு சொன்னா எம் பையனே இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

பிறகு ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "பஸ் புடிச்சு வந்திருக்கீங்க, பசியா இருப்பீங்க. சாப்புடுங்க" என்று சாம்பார் சாதம் போட்டாள். அவள் பெண் ஓடிவந்து என் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவள் மறுபடியும் ஒரு கரண்டி போட்டாள். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.